கம்ப்யூட்டரில் பழம் தின்று கொட்டை போட்டவரா நீங்கள்?

வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ரயில் டிக்கெட் எடுக்க, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப, கரன்ட் பில் கட்ட, பக்கத்து வீட்டுப் பெரியவரின் பென்ஷன் விவரம் பார்க்க... எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். 25 வருஷமாகக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவர் அல்லவா! நாலு வரி டைப் செய்ததுமே உங்கள் விரல் தானாக 'சேவ்' பண்ணிவிடும். கரன்ட் போய், அரை நாள் வேலை ஒரே நொடியில் காணாமல் போன காலத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது.

சரி, இப்போது உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும்.

1. சாயங்காலமானால் கண் எரிகிறதா? மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா?

2. ஸ்கிரீனில் உள்ள எழுத்தைப் படிக்கத் தாடையைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப் பகுதி வழியாகப் பார்க்கிறீர்களா?

3. நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழித்துக்கொண்டு, கையை உதறியிருக்கிறீர்களா?

4. நாற்காலியிலிருந்து எழுந்தால், முதல் நாலடி இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிகிறதா?

5. 'பாஸ்வேர்டு தவறு' என்று மூன்றாம் முறை வந்ததும், காபி கொண்டுவந்து கொடுத்தவர் மேல் எரிந்து விழுந்ததுண்டா?

இரண்டு கேள்விக்கு மேல் 'ஆமாம்' என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். "வயசாகுது, வேறென்ன?" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வயசுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரிய பங்கு பழக்கத்துக்குத்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுகிறவர் எழுத்து சின்னதாக இருந்தால், "கண்ணு தெரியலையே, பெரிசு பண்ணிக் கொடுங்க" என்று உடனே கேட்டுவிடுவார். பழுத்த ஆசாமி கேட்க மாட்டார். குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படித்துவிடுவார். இயந்திரம் தரும் எந்தத் தொல்லைக்கும் உடம்பை வளைத்துக் கொடுத்து வேலையை முடித்துவிடும் சாமர்த்தியம் அவருக்கு வந்துவிட்டது. அந்தச் சாமர்த்தியம்தான் இப்போது கண்ணாகவும் கழுத்தாகவும் கையாகவும் வலிக்கிறது! இயந்திரத்துக்காக நீங்கள் வளைந்தது போதும். இனி உங்களுக்காக அது வளையட்டும். எப்படி என்பதை ஐந்து பாடங்களாகப் பார்ப்போம்.

அன்றைக்கு டைப்ரைட்டர் கொடுத்த ஓய்வு

உங்களில் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர்களாக இருப்பீர்கள். க்யூ, டபிள்யூ, இ, ஆர் என்று போகிற அந்த எழுத்து வரிசை கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்ற அமெரிக்கர் அமைத்த டைப்ரைட்டரிலிருந்து வந்தது. 1874-ல் ரெமிங்டன் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 150 வருஷம் கழித்தும், உங்கள் மேஜையில் உள்ள கீபோர்டில் சின்னச் சின்ன மாற்றங்களோடு அதே வரிசைதான்.

வரிசை வந்தது. ஆனால் டைப்ரைட்டர் கொடுத்த ஓய்வு கூட வரவில்லை. நினைத்துப் பாருங்கள்... ஒரு வரி முடிந்தால் மணி அடிக்கும். இடது கையை நீட்டி லீவரைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, புதுத் தாளோடு கார்பனையும் சேர்த்துச் சொருக வேண்டும். பக்கத்தில் வைத்திருக்கும் மூலத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கையும் தோளும் கழுத்தும் கண்ணும் அடிக்கடி அசைந்துகொண்டே இருந்தன. மணிக்கட்டு தாழ்ந்தால் மாஸ்டரிடம் திட்டு வேறு!

இன்றைக்கு? தாள் மாற்ற வேண்டாம். அலமாரியிலிருந்து ஃபைல் எடுக்க எழுந்திருக்க வேண்டாம். பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்க நடக்க வேண்டாம். எல்லாமே ஒரு விரல் தட்டலில். வேலை சுலபமாகிவிட்டது, உடம்பு மட்டும் ஒரே நிலையில் உறைந்துவிட்டது. உடம்பு எந்த நிலையில் இருந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஒரே நிலையில் மணிக்கணக்காக என்றால்தான் முணுமுணுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு பாடத்துக்கு வாருங்கள்.

பாடம் 1: கண் இமைக்க மறந்த கதை

சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு 15 முதல் 20 தடவை கண் இமைக்கிறோம். ஸ்கிரீனை உற்றுப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அந்த இமைப்பிலும் பல அரைகுறை; மேல் இமை பாதி வழியிலேயே திரும்பிவிடும். ஒவ்வொரு இமைப்பும் கண்ணின் மேல் கண்ணீரைப் பூசுகிற வேலை. இமை ஓரத்தில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய்ப் படலம், அந்தக் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. இமைப்பு குறைந்தால் பூச்சும் குறையும், கண் காயும், எரியும். காய்ந்த கண்ணுக்குப் பதில் சொல்வதற்காகக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுவதும் உண்டு. "கண்ணு தண்ணியா கொட்டுது, இதுல எங்கே வறட்சி?" என்று ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்தது வெள்ளெழுத்து. 40 வயதை ஒட்டி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தன் வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்க ஆரம்பிக்கிறது. பக்கத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. இங்கேதான் ஒரு சிக்கல். வழக்கமான படிக்கும் கண்ணாடி, புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது 35-40 சென்டிமீட்டருக்கு ஏற்றது. கம்ப்யூட்டர் ஸ்கிரீனோ 50 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர், கீழ்ப் பகுதி வழியாக ஸ்கிரீனைப் பார்க்கத் தாடையைத் தூக்குகிறார். நாள் பூராவும் தாடையைத் தூக்கியே இருந்தால் பிடரி வலிக்காமல் என்ன செய்யும்? கண்ணாடிக் கோளாறைக் கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

என்ன செய்யலாம்?

கண் பரிசோதனைக்குப் போகும் முன், நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "நான் தினமும் இத்தனை மணி நேரம் இந்தத் தூரத்தில் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள். இரட்டைப் பார்வை அல்லது புரோகிரஸிவ் கண்ணாடிதான் போடுவேன் என்றால், ஸ்கிரீனைக் கொஞ்சம் கீழே இறக்கிவையுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு பிளஸ் குறியைத் தட்டினால், இன்டர்நெட் பக்கத்தின் எழுத்து பெரிதாகிவிடும். இது உங்களுக்குத் தெரியாததா? தெரியும்! ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். உங்களுக்காக எத்தனை தடவை செய்துகொண்டீர்கள் என்பதுதான் கேள்வி.

20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், எதிர் வீட்டு மாடி, எதுவானாலும் சரி. அப்போது பத்துத் தடவை முழுசாக இமைத்துவிடுங்கள்.

ஃபேன் காற்றோ ஏ.சி. காற்றோ நேராக முகத்தில் அடிக்காதபடி நாற்காலியைத் திருப்புங்கள். ஜன்னல் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல், பக்கவாட்டில் இருப்பது நல்லது.

நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது இது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-ல் சொன்னது. கூடுதல் காசு கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: கண் எரிகிறது என்று மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொள்ளாதீர்கள். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் சுகமாக இருக்கும். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் கூடலாம், கண்புரை வரலாம். அழுத்தத்தால் பறிபோன பார்வை திரும்பி வராது.

பாடம் 2: லேப்டாப்பும் கழுத்தும்

பழைய மேஜைக் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் வேறு, கீபோர்டு வேறு. லேப்டாப்பில் இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். கைக்கு வசதியாகத் தாழ வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். நீங்கள் எப்படி உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே ஆகவேண்டும்!

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நேராக இருக்கும்போது முதுகெலும்பு அதைச் சுலபமாகத் தாங்கிவிடும். குனியக் குனியச் சுமை கூடும். நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் சுமார் 12 கிலோ, 30 டிகிரியில் 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ! இது ஆட்களை வைத்து அளந்தது கிடையாது. கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு. ஆனாலும் ஒரு அரிசி மூட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மெயில் அனுப்புகிறோமே என்று நினைத்துப் பார்த்தால், அடுத்த தடவை தலை தானாக நிமிரும்.

வைத்தியம் ரொம்பச் சுலபம். தடிமனான நாலு புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றிவையுங்கள். ஸ்கிரீனின் மேல் விளிம்பு உங்கள் கண்ணுக்கு நேராகவோ கொஞ்சம் கீழாகவோ வரட்டும். தனி கீபோர்டும் மவுஸும் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும், வாங்கிப் பொருத்துங்கள். முழங்கை உடம்பை ஒட்டி, ஏறக்குறைய 'ட' எழுத்து மாதிரி மடங்கியிருக்கட்டும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு மேஜை கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும். அடியில் ஒரு தலையணையைப் போட்டு உயர்ந்துகொள்ளுங்கள். கால் தரையில் எட்டவில்லையா? பரணில் கிடக்கும் பழைய மணையை இறக்கிக் காலுக்கு அடியில் போடுங்கள். அதைவிட நல்ல கால் பலகை கடையில் கிடையாது!

கட்டிலில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கட்டில் தூங்குவதற்கு. அங்கே ஆபீஸைக் கொண்டுபோனால் கழுத்தும் போகும், தூக்கமும் போகும்.

பாடம் 3: நடுராத்திரியில் மரத்துப்போகும் கை

மவுஸ் பிறந்த கதை தெரியுமா? 1960-களில் டக்ளஸ் ஏங்கல்பார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. முதல் மவுஸ், அடியில் சக்கரம் வைத்த ஒரு மரப்பெட்டி! 1968 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆயிரம் பேருக்கு முன்னால் அதை இயக்கிக் காட்டினார். இன்றைக்கு அந்தப் பெட்டியின் வாரிசைப் பிடித்துக்கொண்டுதான் நாம் நாளைக் கழிக்கிறோம்.

மணிக்கட்டில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் இடையே குறுகலான ஒரு பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநார்களும் ஒரு முக்கியமான நரம்பும் அந்த வழியாகத்தான் கைக்குள் போகின்றன. பாதையில் நெருக்கடி ஏற்பட்டால் நரம்பு நசுங்கும். இதற்குக் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்று பெயர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி... இவை மரத்துப்போகும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். சுண்டுவிரல் தப்பிவிடும். ராத்திரியில்தான் தொல்லை அதிகம். கையை உதறினால் கொஞ்சம் சரியாகும்.

மரத்துப்போவது சுண்டுவிரல் பக்கம் என்றால் அது வேறு நரம்பு. மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்காரும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரக்கலாம். ஆகவே நீங்களே பெயர் சூட்டிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"எல்லாம் இந்த மவுஸால் வந்த வினை" என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கம்ப்யூட்டர் மட்டுமே இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகளில் போதுமான ஆதாரம் இல்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, மூட்டு வாதம், கர்ப்ப காலம் ஆகியவை இதற்கு இடம் கொடுக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. மவுஸைப் பழி சொல்லிக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் சர்க்கரை நோய் கண்ணில் படாமலே போய்விடும். கை மரக்கிறது என்று வருகிறவரை டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால், "கை வலிக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும்?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஆரம்பத்திலேயே கவனித்தால், ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினாலே பலருக்குக் குணம் தெரியும். தேவைப்பட்டால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை. "உதறினால் சரியாகுதே" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து. கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கும் தசை மெலிந்து குழிவிழ ஆரம்பிக்கும். சட்டைப் பொத்தான் போட முடியாது. டம்ளர் கை நழுவும். அந்த அளவுக்கு முற்றியபின் சிகிச்சை செய்தாலும், போன பலம் முழுசாகத் திரும்பாமல் போகலாம். 25 வருஷம் சோறு போட்ட கை, ஞாபகம் இருக்கட்டும்!

தினசரிக்குச் சில வழிகள்: மவுஸை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வைக்காதீர்கள்; கீபோர்டை ஒட்டி இருக்கட்டும். மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல், முழங்கையிலிருந்து கையை நகர்த்துங்கள். யோசிக்கும்போது மவுஸைப் பிடித்துக்கொண்டிருக்காமல் கையை மடியில் போடுங்கள். ஆபீஸில் நாள் பூராவும் டைப் செய்துவிட்டு வந்து, வீட்டில் தேங்காய் துருவுவது, துணி பிழிவது எல்லாம் அதே கைதான். வலி இருக்கும் நாட்களில் வீட்டில் மற்றவர்கள் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்வதும் சிகிச்சைதான்.

பாடம் 4: எழுந்திருங்கள்!

இது சின்னப் பாடம். ஆனால் பலர் ஃபெயில் ஆவது இதில்தான்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும், உட்கார்ந்தே இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. "நான்தான் காலையில வாக்கிங் போறேனே" என்கிறீர்களா? நல்லது, விடாதீர்கள். அதற்காக மிச்ச 9 மணி நேரம் சிலையாக உட்கார்ந்திருக்க லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ஒரு நிமிஷம் நடந்தால் போதும்.

இதற்கு அலாரம் வேண்டாம். பெரிய தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைக்காமல், சின்ன டம்ளரில் தண்ணீர் வையுங்கள். தீர்ந்ததும் எழுந்தாக வேண்டும். போன் வந்தால் நின்றுகொண்டு பேசுங்கள். கம்ப்யூட்டர் ஏதோ 'லோட்' ஆகிறது என்று வட்டம் சுற்றுகிறதே, அதையே வெறித்துப் பார்க்காமல் எழுந்து தோளைச் சுழற்றுங்கள். அந்த வட்டம் சுற்றும்போது நீங்களும் சுற்றுங்கள்!

பாடம் 5: எரிச்சலுக்கும் மருந்து உண்டு

கண், கழுத்து, கை பற்றிப் பேசுகிற நாம் கோபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய ஆசாமிகளுக்கு இது ஜாஸ்தி. "அந்தக் காலத்துல எல்லாம் சட்டுனு வேலை முடியும். இப்ப எதைத் தொட்டாலும் ஓ.டி.பி., எதைத் திறந்தாலும் அப்டேட், நேத்து இருந்த பட்டன் இன்னைக்கு இல்லை..." நியாயமான கோபம்தான். 20 வருஷத்துக்கு முன் பழைய தமிழ் ஃபாண்டில் டைப் செய்த கடிதத்தை இன்றைக்குத் திறந்தால், பூச்சி பூச்சியாக ஏதோ தெரிகிறதே, அந்த வயிற்றெரிச்சல் அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும்.

ஆனால் கோபம் வரும்போது உங்கள் உடம்பைக் கவனித்திருக்கிறீர்களா? பல்லைக் கடிக்கிறீர்கள். தோள் காது வரைக்கும் ஏறுகிறது. மவுஸை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். மூச்சு மேலோட்டமாகிறது. ரத்த அழுத்தம் அந்த நேரத்துக்கு ஏறி இறங்குகிறது. தினமும் பத்துத் தடவை இப்படி என்றால், முதல் மூன்று பாடத்தில் சரி செய்ததெல்லாம் வீண்.

அடிக்கடி குறுக்கிடும் தொல்லைகளைப் பற்றிக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியை குளோரியா மார்க், 2008-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். இடையிடையே தொந்தரவு செய்யப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். ஆனால் அதற்கு விலையாக மன இறுக்கம், எரிச்சல், அவசர உணர்வு எல்லாம் கூடியிருந்தன. "நான் எத்தனை வேலையையும் சமாளிப்பேன்" என்று பெருமைப்படும் அனுபவசாலிகள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. வேலை முடிகிறது, வாஸ்தவம். பில் யார் கட்டுகிறார்கள்?

பாஸ்வேர்டு கதையைக் கேளுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வை, அடிக்கடி மாற்று என்ற விதி உலகம் முழுக்கப் பரவக் காரணமான கையேட்டை, அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பில் வேலை பார்த்த பில் பர் என்பவர் 2003-ல் எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு, அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துகிறேன் என்று 2017-ல் அவரே பேட்டி கொடுத்தார்! அதே வருஷம் அந்த அமைப்பும் விதியை மாற்றியது. பாஸ்வேர்டு திருடு போனதற்கு அறிகுறி இல்லாதபோது சும்மா சும்மா மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமாக இருப்பதுதான் முக்கியம் என்றது. ஆகவே மறந்துபோனதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். உங்கள் ஞாபக சக்தியில் கோளாறு இல்லை!

எரிச்சலைக் குறைக்க நாலு வழி:

ஒன்று, பாஸ்வேர்டை மனப்பாடம் செய்யும் வேலையை விடுங்கள். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் நம்பகமான ஒரு செயலியைப் பயன்படுத்துங்கள். அது பிடிக்காவிட்டால் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் நகை மாதிரிப் பூட்டி வையுங்கள். ஸ்கிரீனில் ஒட்டி வைக்காதீர்கள். பாங்க்குக்கு வைத்ததை வேறு எதற்கும் வைக்காதீர்கள்.

இரண்டு, 'டிங்... டிங்' என்று கூப்பிடும் அறிவிப்புகளில், மனிதர்கள் அனுப்புவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துங்கள். தள்ளுபடி விற்பனை ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்தால் குடி முழுகிவிடாது.

மூன்று, அப்டேட்டை உங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தள்ளிவையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். முக்கியமான ஃபைலையும் குடும்பப் போட்டோவையும் இரண்டு இடத்தில் வையுங்கள். போய்விடுமோ என்ற பயம் போனாலே பாதி இறுக்கம் குறையும்.

நாலு, மூன்று தடவை முயன்றும் நடக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுங்கள். பத்து நிமிஷம் கழித்து வாருங்கள். கோபத்தில் தட்டும் விரல், தப்பான பட்டனைத்தான் தட்டும்.

டாக்டரிடம் உடனே போக வேண்டியது எப்போது?

'எல்லாம் கம்ப்யூட்டர் வலிதான்' என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

* நெஞ்சில் அழுத்தம், தோள் அல்லது இடது கை அல்லது தாடையில் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல்: மவுஸ் பிடித்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். தமிழ்நாட்டில் 108-க்குப் போன் செய்யுங்கள்.

* திடீரென்று பார்வை மங்குதல், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிதல், கண்ணுக்குள் மின்னல் அடித்தல், கரும்புள்ளிகள் திடீரென்று கூடுதல், சிவந்த கண்ணோடு கடுமையான வலி: அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

* கழுத்து அல்லது முதுகு வலியோடு கை, கால் பலம் குறைதல், நடை தள்ளாடுதல், சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல்: உடனே ஆஸ்பத்திரி.

* ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தல்: நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். காத்திருக்க வேண்டாம்.

* விரல் மரத்துப்போவது சில வாரங்களுக்கு மேல் நீடித்தல், பொருட்கள் கை நழுவுதல்: தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

ஐந்து பாடத்தையும் ஒரே நாளில் பாஸ் பண்ண முடியாது. ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் நிலையில் உட்காருங்கள். மனைவியோ கணவரோ பிள்ளையோ பக்கவாட்டில் நின்று, உங்களுக்குச் சொல்லாமல் ஒரு போட்டோ எடுக்கட்டும். பிறகு அதைப் பாருங்கள். நீட்டிய கழுத்து, தூக்கிய தோள், தொங்கும் கால்... எல்லாம் அதில் தெரியும்.

அதைப் பார்த்துப் பார்த்துப் புத்தகத்தை அடுக்குங்கள், நாற்காலியைத் திருப்புங்கள், மணையைப் போடுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு போட்டோ எடுத்து, ஆரம்பத்தில் கேட்ட ஐந்து கேள்விக்கும் திரும்பப் பதில் சொல்லுங்கள். 'ஆமாம்'கள் குறைந்திருந்தால் நீங்கள் பாஸ். குறையவில்லையா? அப்படியானால் இது பழக்கம் மட்டும் இல்லை, டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் என்று தெரிந்துகொண்டீர்கள். அதுவும் லாபம்தான்.

25 வருஷத்தில் எத்தனையோ கம்ப்யூட்டரை மாற்றியிருப்பீர்கள். பழசைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினீர்கள். கண்ணையும் கையையும் கழுத்தையும் அப்படி மாற்ற முடியாதே! இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் மக்கர் பண்ணும்போது இன்னும் 25 வருஷம் உங்களைத்தானே கூப்பிடப் போகிறார்கள்!